கடை வாசலில் நிற்கும் கார்: ஈப்போ குடியிருப்புச் சாலைகளில் வாகன நிறுத்தக் கட்டுப்பாடு

புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, பெர்ச்சாம் என்று ஈப்போவின் எந்தப் பகுதிக்குப் போனாலும் தாமானுக்கு ஒரு கடைவரிசை இருக்கிறது. அதில் ஒரு மளிகைக் கடை, ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு முடிதிருத்தும் கடை, ஓரத்தில் ஓர் ஒட்டுக்கடை. காலையில் பத்திரிகையும் ரொட்டியும் வாங்க வருபவர் மோட்டாரை அணைக்காமலே இறங்குவார். சற்று நேரத்தில் சரக்கு லோரி வரும். மாலையில் வேலை விட்டு வருபவர்கள் இடம் இல்லாமல் இரண்டாம் வரிசையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடுவார்கள். இத்தனைக்கும் இருப்பது சில மீட்டர் தார்ச்சாலைதான். அங்கே மஞ்சள் கோடு போடுவதா, கட்டணம் வாங்குவதா, அப்படியே விட்டுவிடுவதா என்பது சிறிய விஷயம்போல் தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பும், ஒரு முதியவர் விழாமல் நடந்து போவதும், பக்கத்து வீட்டுக்காரர் தம் காரை வெளியே எடுப்பதும் அந்தச் சில மீட்டரில் அடங்கியிருக்கின்றன.

கடை முன் வாகன நிறுத்தக் கட்டுப்பாடு எப்படி அவசியமாயிற்று, சட்டம் என்ன சொல்கிறது, பிற ஊர்களின் அனுபவம் என்ன, நம் ஊருக்கு எது பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாடு வேண்டும். அது வருபவரை விரட்டும் கட்டுப்பாடாக இருக்கக் கூடாது. வந்தவர் காரியம் முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விடச் செய்யும் கட்டுப்பாடாக இருக்க வேண்டும். அதை அந்தச் சாலையில் வாழ்பவர்களோடு உட்கார்ந்து பேசி வகுக்க வேண்டும்.

தோட்டத்துக் கடையிலிருந்து தாமான் கடைக்கு

கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளிலிருந்து பேராக்கின் தோட்ட வரலாறு தொடங்குகிறது. அதன்பின் சுங்கை சிப்புட்டின் எல்பில், டோவன்பி போன்ற தோட்டங்களிலும் பத்து காஜா பக்கத்துக் கிந்தா கெல்லாஸ் தோட்டத்திலும் தமிழர்கள் பால்மரம் சீவி வாழ்ந்தார்கள். தோட்டத்துக் கடை லயத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கணக்கில் வாங்கிச் சம்பளம் போட்டதும் தீர்ப்பார்கள். கடைக்கு வரும் ஒரே பெரிய வண்டி டவுனிலிருந்து சரக்கு ஏற்றி வரும் லோரி. வாடிக்கையாளர் எவரும் வண்டியில் வராததால் வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியும் எழவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு பெரிய தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டன. அதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது அச்சங்கம். ஆனாலும் ரப்பர் செம்பனையாக மாறுவதும், செம்பனை நிலத்தில் வீடுகள் எழும்புவதும் நிற்கவில்லை. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் ஈப்போ, சிம்மோர், சுங்கை சிப்புட் ஓரங்களில் மலிவு விலை வீடுகளில் குடியேறின.

அவர்கள் தங்கள் வாங்கும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வண்டி நிறைய வாங்காமல் அன்றாடத் தேவையை அன்றாடம் வாங்கும் பழக்கம் அது. நாள்தோறும் பலமுறை சிறுசிறு தொகைக்கு வாங்க வருவோரை நம்பியே தாமான் மளிகைக் கடை நடக்கிறது. வருபவர் கடையில் நிற்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான்.

அதற்குள் வாகனங்கள் பெருகிவிட்டன. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் சிறிய வருமானக் குடும்பங்களுக்கும் கார் கனவை நனவாக்கியது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் மலேசியாவில் பதிவான வாகனங்கள் 3 கோடியே 30 லட்சத்தைத் தாண்டி, நாட்டின் மக்கள்தொகையையே மிஞ்சின. ஒரு காருக்கென்று கட்டிய தெருவில் இன்று வீட்டுக்கு இரண்டு, மூன்று வண்டிகள். வீட்டு வாசலில் அடங்காதவை சாலையோரத்துக்கு வருகின்றன. சாலையோரம் நிறைந்ததும் கடை முன் வந்து நிற்கின்றன.

இதே காலத்தில் சங்கிலிக் கடைகளும் தாமான்களுக்குள் வந்தன. 1984இல் கோலாலம்பூரில் செவன் லெவன் முதல் கடையைத் திறந்தது. கிள்ளானில் சிறு கடையாகத் தொடங்கிய 99 ஸ்பீட்மார்ட், 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது நாடெங்கும் 2,500க்கு மேற்பட்ட கிளைகளை வைத்திருந்தது. இத்தகைய நிறுவனங்கள் வாகனம் நிறுத்த வசதியுள்ள இடம் பார்த்துக் கடை எடுக்க முடியும். இருபது வருடம் ஒரே முனையில் கடை வைத்திருக்கும் மளிகைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வாசலில் இடம் இல்லாத நாளில் அவருடைய வாடிக்கையாளர் அடுத்த தெருச் சங்கிலிக் கடைக்குப் போய்விடுகிறார்.

சட்டம் சொல்வது என்ன

கடை முன் உள்ள சாலை கடைக்காரருடையது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வாசலில் நாற்காலி, பூந்தொட்டி, பழைய டயர், பால்பெட்டி வைத்து இடம் பிடிப்பது அதனால்தான். சட்டப்படி அது பொதுச் சாலை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பொது இடங்களில் தடை ஏற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. கடை முகப்பின் ஐந்தடி நடைபாதையும் அதில் அடங்கும். சரக்கு மூட்டையோ மோட்டாரோ அஞ்சடியை அடைத்தால் பொறுப்பு அடைத்தவரைச் சேரும்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 48ஆம் பிரிவில், பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ தரும்படி வண்டியை நிறுத்துவதைக் குற்றமென்கிறது. இரண்டாம் வரிசையில் நிறுத்துவதும், முனையை மறைத்து நிறுத்துவதும் இதில் வரும். வாகனம் நிறுத்தும் கட்டங்களை வகுத்துக் கட்டணம் விதிக்க ஊராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்கான ஆணைகள் அரசிதழில் வெளியாகின்றன. ஆக, ஈப்போவில் ஒரு கடை முன் மஞ்சள் கோடு வருவதும், வெள்ளைக் கட்டம் வருவதும், எதுவும் வராமல் போவதும் ஈப்போ மாநகர் மன்றம் எடுக்கும் முடிவுகள்.

கட்டணத்துக்கு நெடுங்காலம் சுரண்டும் கூப்பன்கள்தான் புழக்கத்தில் இருந்தன. நாள், நேரம் சுரண்டிக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். இப்போது பார்க் அட் பேராக் என்ற கைப்பேசிச் செயலி இருக்கிறது. செயலி வந்ததால் சில்லறை தேடும் தொல்லை தீர்ந்தது. ஆனால் ஐந்து நிமிடம் நிற்பவருக்கும் நாளெல்லாம் நிற்பவருக்கும் விதி எப்படி வேறுபட வேண்டும் என்பது தொழில்நுட்பக் கேள்வி அன்று. அது கொள்கை சார்ந்தது. அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

இருபது அடியின் கணக்கு

பழைய கடைவீட்டின் முகப்பு ஏறக்குறைய இருபது அடி, அதாவது ஆறு மீட்டர். சாலையோடு ஒட்டி நீளவாக்கில் நிறுத்தினால் அதில் ஒரு கார்தான் நிற்கும். செங்குத்தாக நிறுத்த அகலம் இருந்தால் இரண்டு நிற்கும். அதே இடத்தில் மோட்டார்கள் என்றால் ஐந்தாறு அடங்கும்.

கடை காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பத்து மணி நேரம் திறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்து அலுவலக ஊழியர் ஒருவர் காலையில் காரை நிறுத்திவிட்டு மாலையில் எடுத்தால் அன்று அந்த இடம் பயன்பட்டது ஒருவருக்கு. ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் நின்றால் நாற்பது பேருக்குப் பயன்படும். கடைக்காரரின் இழப்பு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பல நேரங்களில் அந்த இடத்தை நாள் முழுவதும் பிடித்து வைத்திருப்பது கடை முதலாளியின் வேனோ கடை ஊழியரின் காரோதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் பொதுவாகப் பேசப்படும் இரண்டு தீர்வுகளும் போதாதவை என்று தெரிகிறது. நாள் முழுவதும் தடை செய்யும் இரட்டை மஞ்சள் கோடு அந்த நாற்பது பேரையும் விரட்டுகிறது. எந்த விதியும் இல்லாமல் விட்டால் முதலில் வந்த ஒருவரே இடத்தை எடுத்துக்கொள்கிறார். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நேர வரம்புதான் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் உதவும்.

ஐந்து தரப்பின் தேவை

கடைக்காரருக்கு வேண்டியது குறுகிய நேர இடம். வாடிக்கையாளர் சம்மனுக்குப் பயந்து வராமல் போகக் கூடாது. அபராதம் ஒருமுறை விழுந்தால் அன்று வாங்கிய பொருளின் விலையைவிட அது பல மடங்காகிவிடும். அந்தக் கடைப் பக்கம் வரவே அவர் யோசிப்பார்.

குடியிருப்பவருக்கு வேண்டியது தன் வாசல் அடைபடாமல் இருப்பது. அவசர மருத்துவ வண்டி உள்ளே வர வேண்டும், குப்பை லோரி திரும்ப வேண்டும். கடை அவருக்கும் தேவைதான். ஆனால் கடைக்கு வருபவரின் வசதிக்காகத் தன் வீட்டு வாயிலை விட்டுக்கொடுக்க அவர் கடன்பட்டவர் அல்லர்.

நடப்பவர் பெரும்பாலும் மறக்கப்படுகிறார். அஞ்சடியில் மோட்டார் நின்றால் பள்ளிப் பிள்ளையும் முதியவரும் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இறங்கவும் வழி இல்லை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது வசதிகளைப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்கிறது. அந்த உரிமை கடைவரிசையின் அஞ்சடியிலும் நிலைநிற்க வேண்டும்.

சரக்கு லோரிக்காரருக்கு ஒரு நாளில் பல கடைகள். ஏற்றி இறக்கக் குறித்த இடம் இல்லாவிட்டால் அவர் சாலை நடுவில்தான் நிறுத்துவார். எரிவாயு உருளையையும் அரிசி மூட்டையையும் தூரத்திலிருந்து தூக்கி வருவது எளிதல்ல.

ஐந்தாவது தரப்பு மாநகர் மன்றம். அதற்கு வருமானமும் வேண்டும், ஒழுங்கும் வேண்டும், புகாரும் குறைய வேண்டும். தீபாவளிக் காலத்தில் ஜாலான் லஹாட் பக்கம் லிட்டில் இந்தியாவில் கூடும் கூட்டத்தையும், தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து குனோங் சேரோ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லும் ஊர்வலத்தையும் அதுதான் சமாளிக்கிறது. விழா நாளின் விதியும் மற்ற நாள்களின் விதியும் வேறு வேறாக இருக்கலாம் என்பதற்கு அந்த நாள்களே சான்று.

இந்த ஐவரில் எவருடைய தேவையும் அநியாயமானதில்லை. ஒருவருக்குரிய நேரமும் இடமும் மற்றவருக்குரியதோடு மோதுவதுதான் சிக்கல்.

பிற ஊர்களின் அனுபவம்

உலகின் முதல் வாகன நிறுத்தக் கட்டணக் கருவி 1935 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நிறுவப்பட்டது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர் கார்ல் மகீ என்ற பத்திரிகையாளர். நகர மையத்தில் வேலை செய்பவர்கள் காலையிலேயே வந்து கடை முன் இடங்களைப் பிடித்துக்கொண்டதால் வாங்க வருபவர்களுக்கு இடம் இல்லாமல் போனது. மணிக்கு ஐந்து சென்ட் கட்டணம் வந்ததும் இடங்கள் கைமாறத் தொடங்கின. தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் கருவி வைத்திருந்ததால் மறுபக்கத்துக் கடைக்காரர்களும் விரைவில் அதைக் கேட்டு வாங்கினார்கள். வாகன நிறுத்தக் கட்டணத்தின் தொடக்கமே கடைக்காரரைக் காப்பதுதான்.

கலிபோர்னியாவின் பழைய பசடீனாவில் 1993இல் கட்டணக் கருவிகள் வந்தபோது வணிகர்கள் முதலில் எதிர்த்தார்கள். வசூலாகும் பணம் அந்தப் பகுதியின் நடைபாதைக்கும் விளக்குக்கும் துப்புரவுக்குமே செலவாகும் என்று உறுதி தரப்பட்டதும் ஒத்துக்கொண்டார்கள். பாழடைந்து கிடந்த அந்தக் கடைத்தெரு மீண்டும் செழித்தது. இந்த அனுபவத்தை விரிவாக எழுதியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் பேராசிரியர் டொனால்ட் ஷூப். 2005இல் வந்த அவருடைய நூல் இலவச நிறுத்துமிடம் உண்மையில் இலவசமல்ல, அதன் விலையை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று வாதிட்டது. கட்டணம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே போகிறது என்பதே மக்களின் ஒப்புதலைத் தீர்மானிக்கும் என்பது நமக்கான பாடம்.

சிங்கப்பூர் நீண்ட காலம் காகிதக் கூப்பனைப் பயன்படுத்தியது. 2017 அக்டோபர் 1 அன்று வந்த பார்க்கிங் டாட் எஸ்ஜி செயலி நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்குகிறது. பத்து நிமிடம் நிற்பவர் பத்து நிமிடத்துக்கே கட்டுகிறார். அன்றாட வாடிக்கையாளரை நம்பும் மளிகைக் கடைக்கு இதைவிடப் பொருத்தமான முறை அரிது. ஜப்பான் வேறொரு வழியில் போனது. 1962ஆம் ஆண்டின் சட்டப்படி பெரும்பாலான ஊர்களில், காரை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருப்பதாகச் சான்று காட்டினால்தான் பதிவு கிடைக்கும். சாலையோரம் வீட்டு வண்டிகளின் கொட்டிலாக மாறாமல் இருக்க அது உதவியது.

கடைக்காரர்களின் கணிப்பு எவ்வளவு சரி என்பதையும் சில ஆய்வுகள் சோதித்தன. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2006இல், வாடிக்கையாளர்களில் 41 விழுக்காட்டினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது 22 விழுக்காடுதான். பெர்லினின் இரண்டு கடைத்தெருக்களில் எடுத்து 2021இல் வெளியான ஆய்விலும் இதே நிலை: கணிப்பு ஏறக்குறைய 22 விழுக்காடு, உண்மை 7 விழுக்காட்டை ஒட்டியது. தாங்கள் காரில் வருவதால் எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள் என்று கடைக்காரர் எண்ணுவது இயல்பு.

இந்த எண்களை அப்படியே ஈப்போவுக்குப் பொருத்தக் கூடாது. பெர்லினில் சுரங்க ரயில் இருக்கிறது. நம் ஊரில் மேடான் கிட் நிலையத்தை மையமாகக் கொண்ட பேருந்துகள் எல்லாத் தாமான்களுக்கும் அடிக்கடி வருவதில்லை. நண்பகல் வெயிலும் மாலை மழையும் நடப்பவரைத் தடுக்கின்றன. அதோடு மேற்கத்திய ஆய்வுகளில் பெரிதாக இடம்பெறாத மோட்டார் நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்களை அல்ல, எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை. கோடு போடுவதற்கு முன் ஒரு வாரம் உட்கார்ந்து, யார் எதில் வருகிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று குறித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

தமிழர் கடைத்தெருக்களிலேயே இரண்டு பாடங்கள் உண்டு. 2010 அக்டோபரில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவாகத் திறக்கப்பட்டது. அலங்கார வளைவுகள் எழுந்தன. ஜாலான் துன் சம்பந்தன் ஒருவழிச் சாலையானது. வண்டி நிறுத்த இடமில்லை, வாடிக்கை குறைந்துவிட்டது என்று வணிகர்கள் அதன்பின் நெடுநாள் குறைபட்டார்கள். சென்னை தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அருகே பலமாடி வாகன நிறுத்தகமும் கட்டப்பட்டது. சாலையோர இடத்தை எடுக்கும்போது மாற்று இடம் எங்கே என்ற கேள்விக்குச் சென்னை விடை வைத்திருந்தது.

முடிவெடுப்பவர் யார்

கடை முன் என்ன விதி என்பதை யார் முடிவுசெய்கிறார் என்பதில்தான் இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. ஈப்போ ஒரு காலத்தில் தன் நகர மன்றத்தைத் தானே தேர்ந்தெடுத்த ஊர். 1950களின் பிற்பகுதியிலிருந்து சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி வாக்குப் பெட்டி வழியாக நகர மன்றத்தைக் கைப்பற்றி நடத்தியது. ஜாலான் எஸ். பி. சீனிவாசகமும் டி. ஆர். சீனிவாசகம் பூங்காவும் அந்தக் காலத்தின் அடையாளங்கள். வடிகால் அடைத்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் வாக்கு கேட்டு வந்தவரிடமே மக்கள் போய் நின்றார்கள்.

1965இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச ஆணையம் 1968இல் அறிக்கை தந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி தொடர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலை முடித்துவைத்தது. இன்று ஈப்போ மாநகர் மன்றத்தின் டத்தோ பண்டாரையும் உறுப்பினர்களையும் மாநில அரசு நியமிக்கிறது. சட்டப்படி உறுப்பினர்கள் எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

நியமனம் பெற்றவர்களிலும் ஊருக்கு உழைப்பவர்கள் உண்டு. ஆயினும் கடை முன் கோடு போட்டதை எதிர்க்கவோ கோடு கேட்கவோ கடைக்காரர் கையில் வாக்கு இல்லை. அவர் மனு எழுத வேண்டும், யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். வசதி படைத்த வணிகத்துக்கு அது எளிது. புந்தோங்கில் ஒரு சிறு மளிகைக்காரருக்கு எளிதன்று. உள்ளாட்சித் தேர்தல் திரும்ப வர வேண்டும் என்று கேட்பதற்குப் பெரிய கொள்கைகள் பல இருக்கலாம். தெருமுனைக் கடையின் வாசலும் அதற்குப் போதிய காரணமே.

தேர்தல் வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. உள்ளாட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு மன்றக் கூட்டங்கள், மன்றம் வேறு தீர்மானம் செய்தாலன்றிப் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தவை என்கிறது. நம்மவர்களில் பலருக்கு இது தெரியாது. கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கமும் சேர்ந்து எண்ணிய கணக்கோடு போனால் அந்தக் குரலை அலட்சியம் செய்வது கடினம்.

செய்யத் தக்கவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு தாமான் கடைவரிசைக்கு ஏற்ற முறையை இப்படி வகுக்கலாம். கடை முன் உள்ள இடங்கள் பகலில் பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரைக்குமானவையாக இருக்கட்டும். முதல் சில நிமிடங்களுக்குக் கட்டணம் வேண்டாம்; அதற்கு மேல் நிற்பவருக்கு நிமிடக் கணக்கு. கைப்பேசிச் செயலி தெரியாத முதியவர்களுக்காகக் கடையிலேயே கட்டும் வழியும் இருக்கட்டும்.

வரிசைக்கு ஓர் இடமாவது சரக்கு லோரிக்கு, காலை நேரங்களில் மட்டும். மாற்றுத்திறனாளிக்கு ஓர் இடம், அஞ்சடிக்கு ஏறும் சரிவுப் பாதையோடு. ஒரு கார் இடத்தை மோட்டார்களுக்கு ஒதுக்கினால் அஞ்சடி காலியாகும். இரட்டை மஞ்சள் கோடு முனைகளுக்கும் வீட்டு வாயில்களுக்கும் தீயணைப்பு வண்டி திரும்பும் இடங்களுக்கும் போதும். அங்கே விட்டுக்கொடுக்காமல் அமலாக்க வேண்டும்.

கடை முதலாளிகளும் ஊழியர்களும் தங்கள் வண்டிகளைக் கடைவரிசைக்குப் பின்னாலோ சற்றுத் தள்ளியோ நிறுத்த வேண்டும். நாற்காலி வைத்து இடம் பிடிப்பதைக் கைவிட வேண்டும். வாடிக்கையாளருக்கு இடம் கேட்பவர் தம் வண்டியால் அதை அடைப்பது நியாயமில்லை.

வசூலில் ஒரு பகுதி அந்தக் கடைவரிசையின் விளக்குக்கும் நடைபாதைக்கும் வடிகாலுக்கும் திரும்ப வரவேண்டும். வரவும் செலவும் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். புதிய முறையை ஆறு மாதம் சோதித்துப் பார்த்து, மீண்டும் எண்ணி, தேவையானால் மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை. வண்ணப்பூச்சும், சில பலகைகளும், ஒழுங்கான கண்காணிப்பும், முன்கூட்டிய கலந்துரையாடலும் போதும்.

தோட்டம் விட்டு வந்த தலைமுறை தாமானில் முதலில் தேடியது கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் கடையையும்தான். கோயிலுக்கும் பள்ளிக்கும் நாம் போராடியிருக்கிறோம். மாதக் கடைசியில் கணக்கில் பொருள் தந்து பல குடும்பங்களைத் தாங்கிய அந்தக் கடைக்காகவும் பேச வேண்டும். கடைக்காரர் வாசலைச் சொந்தம் கொண்டாடாமல், வாடிக்கையாளர் நேரத்தை மதித்து, மாநகர் மன்றம் மக்களைக் கேட்டு நடந்தால் அந்த இருபது அடியில் ஐந்து தரப்புக்கும் இடம் உண்டு. அந்த ஏற்பாட்டை ஒரு கடைவரிசையிலாவது தொடங்கிக் காட்டும்படி ஈப்போ மாநகர் மன்றத்திடம் நாம் கேட்க வேண்டும்.